முறைவாசல் போல ஒரு தங்குமிடம்: பல்சமய விருந்தோம்பல் வலையமைப்பு என்றால் என்ன?

பல்சமய அமைப்பு என்று சொன்னதும் நம் கண்முன் வருவது ஒரு மேடை. மூன்று மதத்துப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து, எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கிறது என்று பேசி, பொன்னாடை போர்த்திக்கொண்டு கலைந்து போவார்கள். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் ‘ஃபேமிலி பிராமிஸ்’ அமைப்பைப் பற்றிப் படித்தால் ஒன்றும் விளங்காது. அங்கே மேடை கிடையாது. ஒரு வேன், சில மடக்குக் கட்டில்கள், எந்த வாரம் யார் முறை என்று எழுதிய ஓர் அட்டவணை, அவ்வளவுதான்.

வீடிழந்த குடும்பங்களுக்கு உதவும் இந்த அமைப்பு, பல்சமய விருந்தோம்பல் வலையமைப்பு என்ற பெயரில் 1986இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் தொடங்கியது. இதைப் பற்றிப் பேசும்போது மூன்று குழப்பங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வீடற்றவர் என்றால் நடைபாதையில் படுத்திருப்பவர் என்பது ஒன்று. சாப்பாடு போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது இன்னொன்று. இது மதம் மாற்றும் வேலையோ என்ற சந்தேகம் மூன்றாவது. நம் ஊர் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் மூன்றாவது சந்தேகம் வருவதில் ஆச்சரியமில்லை. மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத வீடின்மை

ஒரு அம்மா, ஒரு அப்பா, இரண்டு பிள்ளைகள். வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்கிறார்கள். அன்று இரவே தெருவில் படுப்பார்களா? மாட்டார்கள். முதலில் அக்கா வீடு, அங்கே மனக்கசப்பு வந்ததும் நண்பர் வீட்டு ஹால். பிறகு வார வாடகைக்கு ஒரு மோட்டல் அறை. மோட்டல் என்றால் நெடுஞ்சாலை ஓரத்து மலிவான லாட்ஜ். கையில் இருக்கும் காசு கரைந்ததும் கார். பிள்ளைகள் பின் சீட்டில் தூங்க, அம்மா முன் சீட்டில் விழித்திருப்பார். விஷயம் வெளியே தெரிந்தால் பிள்ளைகளை அரசு எடுத்துக்கொண்டு போய்விடுமோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள்.

தெருவில் தெரிவதைவிடத் தெரியாமல் இருப்பது பல மடங்கு. அமெரிக்க வீட்டுவசதித் துறை ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரே ஓர் இரவில் வீடற்றவர்களை எண்ணும். 2024 ஜனவரிக் கணக்கில் நாடு முழுவதும் 7,71,480 பேர். அதில் ஏறத்தாழ 1,50,000 பேர் குழந்தைகள். ஆனால் அக்கா வீட்டு ஹாலில் படுத்திருப்பவர்களும், சொந்தக் காசில் மோட்டலில் இருப்பவர்களும் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். பள்ளிக்கூடங்கள் வைத்திருப்பது வேறு கணக்கு. அதில் இவர்களும் சேர்த்தி. அந்தக் கணக்கின்படி வீடற்ற மாணவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். ஒரே நாட்டில் ஒரே பிரச்சினைக்கு இரண்டு எண்கள் இருப்பதற்குக் காரணம், ‘வீடற்றவர்’ என்ற சொல்லுக்கு இரண்டு துறைகளும் இரண்டு வரையறை வைத்திருப்பதுதான். செய்தியில் ஏதாவது ஓர் எண்ணைப் பார்த்தால், அது எந்தக் கணக்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக: குடும்பங்களின் வீடின்மை பெரும்பாலும் நான்கு சுவருக்குள்தான் இருக்கிறது. அந்தச் சுவர்கள் அவர்களுடையவை இல்லை, அவ்வளவே.

வேலை இருந்தும் வீடு ஏன் இல்லை?

“வேலைக்குப் போனால் வாடகை கட்டலாமே?” என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு.

அமெரிக்காவில் வருமானத்தில் 30 சதவீதம் வரை வீட்டுக்குப் போனால் ‘தாங்கக்கூடிய வாடகை’ என்பார்கள். 1969இல் அரசு வீடுகளுக்கு 25 சதவீதம் என்று ஒரு வரம்பு வைத்தார்கள்; 1981இல் அதை 30 ஆக்கினார்கள். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009இல் அமலுக்கு வந்த தொகை, இன்னும் நகரவில்லை. வாரம் 40 மணி நேரம், வருடம் 52 வாரம் ஒரு நாள் விடாமல் உழைத்தால் 15,080 டாலர் வரும். மாதத்துக்கு 1,256. அதில் 30 சதவீதம் 377 டாலர். இரண்டு படுக்கையறை வீடு என்று கேட்டால் அந்தக் காசுக்குச் சாவியைக் கண்ணில் காட்டுவார்கள், கையில் கொடுக்க மாட்டார்கள். பல மாநிலங்களில் கூலி இதைவிட அதிகம்தான். அப்படியும் குறைந்தபட்சக் கூலி வாங்கும் ஒருவர் முழுநேரம் உழைத்து இரண்டு படுக்கையறை வீட்டின் சந்தை வாடகையைத் தாங்கக்கூடிய மாநிலம் ஒன்றுகூட இல்லை.

இந்த நிலையில் ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கப் பெரிய சூறாவளி தேவையில்லை. கார் பழுதானால் போதும். கார் இல்லை, அதனால் வேலைக்குப் போக முடியவில்லை. சம்பளம் வெட்டு, வாடகை பாக்கி, கடைசியில் நீதிமன்ற வெளியேற்றம். வெளியேற்றப்பட்ட பதிவு அடுத்த வீட்டுக்காரர் கண்ணிலும் படும். புது வீட்டுக்கு முன்பணம் வேண்டும். நியூ ஜெர்சியில் சட்டப்படி ஒன்றரை மாத வாடகை வரை டெபாசிட் வாங்கலாம். முதல் மாத வாடகையையும் சேர்த்தால் இரண்டரை மாதத் தொகை ஒரே நாளில் கையில் இருக்க வேண்டும். (சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது சொற்பமாகத் தெரியலாம். கையில் பூஜ்யம் இருப்பவருக்கு இரண்டரையும் ஒன்றுதான், பத்தும் ஒன்றுதான்.)

இப்போது மோட்டலுக்கு வருவோம். வார வாடகையாகக் கொடுப்பதைக் கூட்டினால் பல இடங்களில் ஒரு சாதாரண வீட்டு வாடகையை எட்டிவிடும், சில இடங்களில் தாண்டியும் போகும். மாதம் முழுக்க மோட்டலுக்கே கொடுத்தால் முன்பணம் எங்கிருந்து சேரும்? சேராது. அதனால் மோட்டலைவிட்டு வெளியே வரவும் முடியாது.

சுருக்கமாக: இவர்களில் பலருக்கு வேலை இருக்கிறது. இல்லாதது, சேர்த்து வைக்க முடிகிற இரண்டு மூன்று மாதம். அந்த இரண்டு மூன்று மாதத்தைத்தான் இந்த அமைப்பு கொடுக்கப் பார்க்கிறது.

பசி இதில் எங்கே வருகிறது?

வாடகையைத் தள்ளிப்போட்டால் வீட்டுக்காரர் வழக்குப் போடுவார். மின்கட்டணத்தைத் தள்ளிப்போட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள். சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் யாரும் நோட்டீஸ் அனுப்புவதில்லை. அதனால் பணம் குறையும்போது குடும்பம் முதலில் கை வைப்பது சாப்பாட்டில்தான்.

அரசின் உணவு உதவி உண்டே என்பீர்கள். உண்டு. ‘ஸ்நாப்’ என்ற திட்டத்தில் ஒரு அட்டை கொடுப்பார்கள், மளிகைக் கடையில் தேய்த்துப் பொருள் வாங்கலாம். ஆனால் பொதுவாக அதில் சூடான, சமைத்த உணவை வாங்க முடியாது. அரிசி வாங்கலாம், சோறு வாங்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தை வகுத்தவர்கள் எல்லாருக்கும் அடுப்பு இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். மோட்டல் அறையிலும் கார் சீட்டிலும் அடுப்பு ஏது? அட்டையில் பணம் இருந்தும் பிள்ளைகள் ரொட்டியும் சிப்ஸும் தின்று தூங்குவது இப்படித்தான். வீடு போனால் சமையலறையும் சேர்ந்து போகிறது. வீடின்மையும் பசியும் வேறு வேறு பிரச்சினை என்று பிரித்துப் பேசுவது எனக்குச் சரியாகப்படவில்லை.

ஒரு சாண்ட்விச்சில் தொடங்கிய கதை

இனி வரலாறு. 1980களின் தொடக்கம் அமெரிக்காவில் மோசமான காலம். 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது. வீட்டுவசதிக்கான மத்திய அரசின் நிதி ஒதுக்கீடு வெட்டப்பட்டது. பெரிய நகரங்களில் ஏழைகள் தங்கிய மலிவான ஒற்றை அறை விடுதிகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாயின. முன்பு தெருவில் தனி ஆண்களே அதிகம் கண்ணில் பட்டார்கள். இப்போது பிள்ளைகளோடு குடும்பங்கள் வரத் தொடங்கின.

கேரன் ஓல்சன் நியூ ஜெர்சியில் இருந்து நியூ யார்க்குக்கு வேலையாக வந்து போகும் ஒரு நிறுவன ஊழியர். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் வீடற்ற ஒரு பெண்மணியை அடிக்கடி பார்த்திருக்கிறார், எல்லாரையும்போல் கடந்து போயிருக்கிறார். ஒரு நாள் கூட்டத்துக்கு விரையும் வழியில் நின்று, ஒரு சாண்ட்விச் வாங்கிக் கொடுத்தார். இரண்டு வார்த்தை பேசினார். அப்புறம் தன் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு நியூ யார்க் தெருக்களில் சாண்ட்விச் கொடுக்கப் போகும் பழக்கம் வந்தது.

நல்ல மனதோடு செய்த காரியம்தான். ஆனால் அதோடு நின்றிருந்தால் இன்று இதைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. தான் வாழும் யூனியன் கவுன்டியிலேயே வீடற்ற குடும்பங்கள் இருக்கின்றன என்று அவருக்குத் தெரியவந்தது. அது ஒரு புறநகர்ப் பகுதி. புறநகரில் நடைபாதையில் படுப்பவர்கள் கண்ணில் படுவது குறைவு, அதனால் பிரச்சினையும் இல்லை என்று நம்பிவிடுவது எளிது.

ஓல்சன் சுற்றுவட்டாரத்துச் சபைகளை அணுகினார். சபை என்று இந்தக் கட்டுரையில் நான் சொல்வது, ஒரு வழிபாட்டுத் தலத்தைச் சேர்ந்த மக்கள் கூட்டத்தை. தேவாலயமானாலும் சரி, சினகாக் எனப்படும் யூதர்களின் ஜெபக்கூடமானாலும் சரி. பணம் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை, கட்டடத்தைக் கேட்டார். தேவாலயங்களில் ஞாயிறு வகுப்பு அறைகள் வாரத்தில் ஆறு நாள் பூட்டியே கிடக்கின்றன. பெரிய சமையலறை இருக்கிறது. ஹீட்டர் ஓடுகிறது. இரவில் அங்கே யாரும் இல்லை.

பத்து மாதத்தில் பதினோரு சபைகள் சம்மதித்தன. ஒய்எம்சிஏ குளிக்கவும் பகலில் இருக்கவும் இடம் தந்தது. கார் விற்பவர் ஒருவர் விலையைக் குறைத்து ஒரு வேன் கொடுத்தார். 1986 அக்டோபர் 27ஆம் தேதி ‘இன்டர்ஃபெய்த் ஹாஸ்பிடாலிட்டி நெட்வொர்க்’, அதாவது பல்சமய விருந்தோம்பல் வலையமைப்பு, முதல் குடும்பங்களை ஏற்றது. பக்கத்து ஊர்கள் கேட்டு வர, 1988இல் தேசிய அமைப்பானது. 1992இல் அதிபர் மூத்த புஷ்ஷிடமிருந்து ஓல்சனுக்கு ‘பாயின்ட்ஸ் ஆஃப் லைட்’ விருது கிடைத்தது. தங்குமிடம் மட்டுமல்லாமல் வேறு வேலைகளும் கூடிப்போனதால் 2003இல் ஃபேமிலி பிராமிஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். இப்போது 200க்கும் மேற்பட்ட ஊர்க் கிளைகள்.

முறைவாசல் கணக்கு

சரி, இது எப்படி நடக்கிறது? ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: முறைவாசல். பொது வாசலை இந்த வாரம் உங்கள் வீடு பெருக்கிக் கோலம் போடும், அடுத்த வாரம் எதிர் வீடு. யாருக்கும் தினமும் சுமை இல்லை, ஆனால் வாசல் ஒரு நாளும் கோலமில்லாமல் இருக்காது. ஏழை மாணவர்கள் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு வீடு என்று முறை வைத்துச் சாப்பிட்டுப் படித்த ‘வாரச் சாப்பாடு’ என்ற பழைய வழக்கமும் இதே கணக்குதான். ஏழு வீடு சேர்ந்தால் ஒரு பையனுக்குப் படிப்பு முடியும். தனியாக ஒரே வீட்டில் கேட்டிருந்தால் முதல் மாதமே முகம் சுளித்திருப்பார்கள்.

விருந்தோம்பல் வலையமைப்பில் வீடுகளுக்குப் பதில் சபைகள். ஒரு சபைக்கு ஒரு வாரம். பொதுவாக 13 சபைகளைச் சேர்க்கப் பார்ப்பார்கள். காரணம் எளிது: ஒவ்வொன்றும் வருடத்துக்கு நான்கு வாரம் பார்த்துக்கொண்டால் 13 பெருக்கல் 4, மொத்தம் 52 வாரம். வருடம் முழுக்கத் தங்குமிடம் தயார், செங்கல் ஒன்றுகூட வைக்காமல். கட்டடத்தில் இடம் தரும் சபையை ‘ஏற்கும் சபை’ என்று சொல்லலாம். இடமில்லாத சின்னச் சபைகள் சமைக்கவும் இரவுக் காவலுக்கும் ஆள் அனுப்பும். அவை ‘துணைச் சபை’.

ஒரு நேரத்தில் மூன்று முதல் ஐந்து குடும்பங்கள், அதிகபட்சம் 14 பேர். ஏன் 14? பதினைந்து பேர் உட்காரும் வேனில் ஓட்டுநரைக் கழித்துப் பாருங்கள்.

ஒரு நாள் இப்படிப் போகும். காலையில் வேன் வந்து குடும்பங்களைப் ‘பகல் மையத்துக்கு’ அழைத்துப் போகும். குளியல், துணி துவைக்க மெஷின், தொலைபேசி, கணினி, நிலையான ஒரு முகவரி எல்லாம் அங்கே. வேலைக்கு விண்ணப்பிக்க முகவரி இல்லாமல் முடியாது என்பதை நாம் யோசித்தே பார்த்திருக்க மாட்டோம். பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். வீடு மாறினாலும் பழைய பள்ளியிலேயே தொடரும் உரிமையை வீடற்ற பிள்ளைகளுக்கு மெக்கின்னி-வென்டோ சட்டம் தருகிறது. 1987இல் வந்த மெக்கின்னி சட்டம் பிறகு விரிந்து இந்தப் பெயரைப் பெற்றது. பெற்றோரில் வேலை உள்ளவர்கள் வேலைக்கு, மற்றவர்கள் ‘கேஸ் மேனேஜரிடம்’. கேஸ் மேனேஜர் என்றால் ஒரு குடும்பத்தின் கடன், வருமானம், வழக்கு, வீடு தேடல் அத்தனையையும் கூடவே இருந்து கவனிக்கும் சம்பளப் பணியாளர். வீடு கிடைப்பது இவரால்தான். கட்டிலும் சாப்பாடும் அவர் வேலை செய்ய நேரம் வாங்கிக் கொடுக்கின்றன. செய்திகளில் சமைக்கும் தன்னார்வலர்களின் படம்தான் வரும். இவர் படம் வருவதே இல்லை.

மாலையில் வேன் அந்த வாரத்து தேவாலயத்துக்கோ ஜெபக்கூடத்துக்கோ போகும். யாரோ சமைத்துக் கொண்டுவந்த சூடான சாப்பாடு. சமைத்தவர்களும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வகுப்பறை. கணவன், மனைவி, பதினைந்து வயது மகன் எல்லாரும் ஒரே அறையில். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு: பெண்களுக்கான பல தங்குமிடங்களில் கணவனுக்கு இடமில்லை, வளர்ந்த பையனுக்கும் இடமில்லை. வீட்டை இழந்த அன்றே குடும்பத்தையும் பிரிக்க வேண்டியிருக்கும். தன்னார்வலர் இரண்டு பேர் இரவு அங்கேயே படுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மூட்டை கட்டி அடுத்த சபைக்கு.

தங்குபவர்களை இங்கே ‘விருந்தினர்’ என்றுதான் சொல்வார்கள். பழைய தமிழில் விருந்து என்றால் வடை பாயசம் இல்லை, புதிதாக வந்த ஆள். வாசலில் வந்து நின்ற முன்பின் தெரியாதவர்தான் விருந்து. நாம் மறந்துபோன அந்தப் பொருள் இங்கே நன்றாகப் பொருந்துகிறது.

சுருக்கமாக: வருடத்துக்கு நான்கு வாரம் மட்டும் சுமக்கும் பதின்மூன்று தோள்கள், ஒரு வேன், ஒரு பகல் மையம், ஒரு கேஸ் மேனேஜர்.

அப்போது மதம்?

ஓர் ஊரில் 13 சபைகளைத் திரட்ட வேண்டும் என்றால் ஒரே பிரிவுக்குள் கிடைக்காது. கத்தோலிக்கர், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், யூதர் என்று தேடிப் போயே ஆக வேண்டும். பல்சமயம் என்பது இங்கே எண்ணிக்கையின் தேவையும்கூட. எல்லாரும் சேர்ந்து வழிபட வேண்டியதில்லை. யாரும் தன் கொள்கையில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. ஞாயிறு சாயங்காலம் கட்டிலை நேரத்துக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவே.

விருந்தினரிடம் பிரசாரம் செய்யக் கூடாது என்பது விதி. பிரார்த்தனைக்கு வந்தால்தான் சாப்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. என்ன மதம் என்று பார்த்துச் சேர்ப்பதும் இல்லை. தன்னார்வலர்கள் எல்லாரும் ஒவ்வொரு இரவும் நாக்கைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் அமைப்பின் கட்டுமானமே அதைக் கடினமாக்குகிறது. இந்த வாரம் ஒருவர் மதம் பேசினால், அடுத்த வாரம் குடும்பம் இருக்கப்போவது வேறு பிரிவின், சில நேரம் வேறு மதத்தின், கூரையின் கீழ்.

வேறுபாடுகள் சில நேரம் கைகொடுக்கவும் செய்கின்றன. கிறிஸ்துமஸ் வாரத்தில் தேவாலயத்துத் தன்னார்வலர்கள் சொந்தக் குடும்பத்தோடு இருக்க விரும்புவார்கள். யூதர்களுக்கு அது சாதாரண வாரம். அதனால் பல ஊர்களில் அந்த வாரத்தை ஜெபக்கூடம் ஏற்றுக்கொள்கிறது. ஜெபக்கூடத்துச் சமையலறையில் கோஷர் எனப்படும் யூத உணவு விதிகள் இருக்கும். இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. சீஸ் பர்கர் கேட்கும் பையனுக்கு அந்த வாரம் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

எங்கே இடிக்கிறது?

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். வாராவாரம் இடம் மாறுவது ஆறு வயதுப் பிள்ளைக்குச் சுலபமில்லை. ஒரு வகுப்பறைச் சுவரில் ஒட்டிய படத்தோடு பழகுவதற்குள் மூட்டை கட்ட வேண்டும். 14 பேர் என்ற வரம்பு ஊரின் தேவைக்கு முன்னால் மிகச் சிறியது. வழிபாட்டுக் கட்டடத்தில் தன்னார்வலர்களை நம்பி நடத்துவதால், போதைப் பழக்கத்தின் பிடியில் இருப்பவர்களைப் போலச் சிக்கல் அதிகமுள்ளவர்களை இவர்களால் ஏற்க முடியாது. ஆக, கவனித்துக்கொள்ள ஓரளவு எளிதான குடும்பங்களுக்கே கதவு திறக்கிறது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது.

வேறொரு அணுகுமுறையும் உண்டு: ‘முதலில் வீடு’. 1992இல் நியூ யார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய முறை இது. சிகிச்சை எடு, போதையை விடு என்று முன்நிபந்தனை வைக்காமல் முதலில் நிரந்தர வீட்டைக் கொடு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்கிறது. தனியாக, மனநோயோடு, நீண்டகாலம் தெருவில் இருந்தவர்களுக்காகப் பிறந்த யோசனை. இது சரியா அது சரியா என்று இணையத்தில் சண்டை போடுபவர்கள், இரண்டும் இரண்டு விதமான மக்களை மனதில் வைத்துத் தொடங்கியவை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

முறைவாசலுக்கே சோதனை வந்தது 2020இல். பெருந்தொற்றில் வழிபாட்டுத் தலங்கள் மூடின. தன்னார்வலர்களில் பாதிக்கு மேல் ஓய்வுபெற்ற வயதினர் என்று இருந்த ஊர்களில் அவர்கள் அறைக்குள் வரவே முடியவில்லை. பல கிளைகள் குடும்பங்களை மோட்டல்களுக்கும் வாடகை வீடுகளுக்கும் மாற்றின. பழையபடி திறந்தபோது எல்லாரும் சுழற்சிக்குத் திரும்பவில்லை. ஒரே இடத்தில் நிலையான வீடு எடுத்து நடத்துவது பிள்ளைகளுக்கு நல்லது என்று பலர் கண்டுகொண்டார்கள். இன்னும் முன்னால் போய், வெளியேற்றம் நடக்கும் முன்பே வாடகை பாக்கியைக் கட்டிக் குடும்பத்தை இருக்கும் வீட்டிலேயே நிறுத்தும் வேலையும் பெருகியிருக்கிறது. ஒரு மாத பாக்கியைக் கட்டுவது, மூன்று மாதம் தங்கவைத்துப் பிறகு முன்பணம் திரட்டுவதைவிட மலிவு.

ஞாயிற்றுக்கிழமை வேன் ஓடுவது நின்றுபோன ஊர்களிலும் அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிடவில்லை. குடும்பங்கள் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், சாப்பாடு மட்டும் முறை மாறி வருகிறது. இந்த வாரம் மெதடிஸ்ட் சபை, அடுத்த வாரம் ஜெபக்கூடம்.